கொசுவலைக்குள் ஒரு மொட்டைத் தலை

சித்தூரிலிருந்து சத்தியவேடு வரை தேடினாலும், கொசுவுக்காக இல்லாமல் கொசுவலை கட்டிய மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அந்த ஒருவரைத்தான் ஆறு வருஷமாக நான் வயிறெரிந்து வெறுத்தேன். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தூரில் யாரைக் கேட்டாலும், "கொசுவலையா? மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு" என்பார்கள்.

நான் திருப்பதியில் கேமரா லென்ஸ் ரிப்பேர் செய்கிறவன். சென்னையில் முறையாகக் கற்றவன். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஏசி உண்டு, தூசி நுழையாத கண்ணாடிக் கதவு உண்டு. கொசுவலைக்கு இதில் ஒன்றுமே கிடையாது. காற்றடித்தால் மில்லிலிருந்து மாவு பறந்து வந்து வீடே வெள்ளையாகிவிடும். அதற்காக மேசையைச் சுற்றி ஒரு கொசுவலை. துணியிலிருந்து நூல் உதிருமாம், அதனால் சட்டை கிடையாது. தூசி கிளம்புமாம், அதனால் மின்விசிறியும் கிடையாது. வெற்றுடம்போடு உள்ளே உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் வலைக்கு வெளியே நின்று விண்ணப்பம் போட வேண்டும்.

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு உலகமே போகிறது, போகட்டும். லென்ஸ் மக்கர் செய்தாலும் என் கடையைத் தாண்டிப் போய்ப் புத்தூருக்கு பஸ் ஏறினால் எனக்கு எப்படி இருக்கும்?

போய் வந்தவர்கள் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. என் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு அவர் புகழ் பாடுவார்கள். ஒரு கல்யாண போட்டோகிராபரின் லென்ஸில் ஆட்டோஃபோகஸ் அடியோடு செத்துவிட்டது. கொசுவலை அதைப் பிரிக்கவே இல்லையாம். லென்ஸின் பின்பக்கம், கேமராவோடு ஒட்டுகிற தங்க நிறப் புள்ளிகளை மூக்கருகே வைத்து முகர்ந்தாராம்.

"லட்டு துன்னுகினே லென்ஸ் மாத்தினியா?"

"பிரசாதம் சார்..."

"நீ துன்னா புண்ணியம். லென்ஸு துன்னா கரண்ட் பாயாது."

நெய்யை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். நானாக இருந்தால் மோட்டார் வரை பிரித்துப் போட்டிருப்பேன். அதுதான் எனக்கு ஆற்றாமை.

ஃபோகஸ் சற்று முன்னே விழுகிறதா, பின்னே விழுகிறதா என்று பார்க்க நான் சென்னையிலிருந்து அச்சடித்த சார்ட் வரவழைத்து வைத்திருக்கிறேன். கொசுவலை ஏழு மாங்காய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக அடுக்குவார். நாலாவது மாங்காயைக் குறிவைத்துப் படம் எடுப்பார். மூன்றாவது மாங்காய் தெளிவாக விழுந்தால் லென்ஸ் முன்னே பார்க்கிறது என்று அர்த்தம். சரி செய்து முடித்ததும், குறுக்கே வந்த அந்த மூன்றாவது மாங்காயை நறுக்கி, உப்புக் காரம் தடவி, வாடிக்கையாளருக்கும் ஒரு துண்டு நீட்டுவார். என் சார்ட்டை யார் தின்ன முடியும்?

இந்த நிலையில்தான் எனக்குச் சோதனை வந்தது. நகரி முனிரத்தினம் என் பழைய வாடிக்கையாளர். சுற்றுவட்டாரத்தில் குழந்தைகளுக்கு மொட்டை, காதுகுத்து என்றால் அவர்தான் படம். பழைய கேமராதான் வைத்திருப்பார், படத்தின் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் நம்பி ஃபோகஸ் வைப்பார். அவருடைய லென்ஸ் எதிலும் நிற்காமல் முன்னும் பின்னும் ஓட ஆரம்பித்தது.

"சாதா நாள்ல நல்லாத்தான் கீது சார். முகூர்த்த நாள் வந்தா சதாய்க்குது."

லென்ஸுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா என்று சிரித்தேன். முதல் தடவை பின்பக்கத் தங்கப் புள்ளிகளைத் துடைத்தேன். இரண்டாவது தடவை உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளை மாற்றினேன். மூன்றாவது தடவை மோட்டாரையே மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடையில் சார்ட்டைக் காட்டினால் கச்சிதமாக நிற்கும். முகூர்த்தம் வந்தால் ஓடும். நாலாவது தடவை வந்தபோது முனிரத்தினம் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு விசேஷம் கீது சார். இன்னொரு தபா பாத்துக் குடுங்க. அப்பவும் ஓட்னா, தப்பா நெனச்சுக்காதீங்க, நான் புத்தூருக்குப் போய்க்கிறேன்."

முனிரத்தினம் போனால் நகரி மொத்தமும் அவர் பின்னால் போகும். மறுநாள் கடையைப் பூட்டினேன். வாயை மாஸ்க்கால் மூடி, தலையில் தொப்பி வைத்து, லென்ஸும் கேமராவுமாக நானே புத்தூருக்கு பஸ் ஏறினேன்.

"ரேணிகுண்டா போட்டோகிராபருங்க. ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது" என்று வலைக்கு வெளியே நின்று விண்ணப்பித்தேன்.

கொசுவலை லென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைச் சற்று நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு, "இதுல இன்னா படம் எடுக்கிற?" என்றார்.

மூன்று தடவை கை வைத்த நான், லென்ஸ் எதைப் பார்த்து ஓடுகிறது என்று முனிரத்தினத்திடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"மொட்டை, காதுகுத்துங்க."

"தொப்பிய கழட்டிட்டு உள்ள வாண்ணா. பர்வாலேது, உக்காரு."

எனக்கு முழு வழுக்கை. கொசுவலை பூஜை மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் தலை முழுக்கப் பூசினார். பிறகு கேமராவை என் உச்சந்தலைக்கு நேரே பிடித்தார். லென்ஸ் சர்ரு, சர்ரு என்று முன்னும் பின்னும் ஓடியது. கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்த குங்குமத்தைத் தொட்டு நடுமண்டையில் ஒரு பொட்டு வைத்தார். லென்ஸ் டிக்கென்று நின்றது.

"சந்தனம் பூசின மொட்டைல இன்னா கீது? ஒரு முடி இல்ல, ஒரு கோடு இல்ல. லென்ஸு எத்த புடிச்சுகினு நிக்கும்? பொட்டு வச்சா அத்த புடிச்சுக்கும். இல்லாட்டி காதோரமா ஃபோகஸ் வைக்கச் சொல்லுங்க, உங்க பார்ட்டிய."

'உங்க பார்ட்டி' என்கிறாரே! நான் போட்டோகிராபர் என்றல்லவா சொல்லியிருந்தேன்.

"பின்னாடி ஸ்க்ரூ தலைல சிவப்புப் பொட்டு கீதே. திருப்பதிக்காரரு கைதானே?"

முடுக்கிய ஸ்க்ரூ அசையாதிருக்க என் மனைவியின் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பது என் வழக்கம். மாஸ்க்கைக் கழற்றினேன். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"இங்க வர்ற லென்ஸுல ஆறு வருசமா உங்க ஸ்க்ரூவ பாத்துகினு கீறேண்ணா. ஒண்ணுல கூட கீறல் இல்ல. என் கைக்கு அது வர்ல. இப்பிடிக்கூட ஒருத்தன் முடுக்குவானான்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல்."

வயிற்றெரிச்சல் என் சொந்தச் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் நீட்டிய மாங்காய்த் துண்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன். தலையைக் கழுவ மறந்துபோய், பஸ்ஸில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து சீட் அம்மாள், "திருத்தணியா? தரிசனம் நல்லா ஆச்சா?" என்றார். நல்லா ஆச்சு என்றேன்.

வெள்ளிக்கிழமை, நான் சொல்லி அனுப்பியபடி குழந்தையின் மொட்டையில் குங்குமப் பொட்டு வைத்ததும் லென்ஸ் நின்றது. முனிரத்தினம் போனிலேயே கும்பிட்டார். பொட்டு யோசனை என்னுடையது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டேன். அவர் அதோடு விட்டாரா? ஒரு கல்யாணத்தில் கொசுவலையைப் பார்த்து, என் மூளையைப் பற்றி அவரிடமே பெருமையடித்திருக்கிறார்.

"அவரு இன்னா சொன்னாரு?" என்று பதறிக் கேட்டேன்.

"'அப்பிடியா! எனக்கே தோணலியே'ன்னாரு சார்."

பெருந்தன்மையிலும் என்னைத் தோற்கடித்துவிட்டார் பாவி. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவை முடுக்கும்போதும், என்றைக்காவது ஒருநாள் அந்த மனிதர் இதைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் முடுக்குகிறேன்.