ரூபி அக்காவின் நகங்களும் எங்கள் ட்ரில் மாஸ்டரும்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் குடித்தனம் நடத்திய புருஷன்மார் அத்தனை பேரும் மனசுக்குள் ஒரே ஒரு ஆளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரை அவ்வளவு திட்டவில்லை, நனைந்த விறகை விற்றவனையும் அவ்வளவு திட்டவில்லை. அந்த ஆள் எங்கள் பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டர்.

ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். ஆனால் கோயில் பாதிரியாரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஆறடிக்குக் குறையாத உயரம். வாயை மூடி மறைக்கும் மீசை. மைதானத்தில் அவர் விசில் ஊதினால் வட்டக்கானலில் மாடு மேய்ப்பவர்கள் நேரமாகிவிட்டது என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று சொல்வார்கள். பனி உறைந்து கிடக்கும் காலையில் பையன்களை வெறுங்காலோடு நிறுத்தி, "ஏலே, குளிருதா? நிக்கிறவனுக்குத்தாம்ல குளிரும். வெரசா ஓடு" என்பார். அந்தக் குரலுக்குப் பையன்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நானும் நாலடி ஓடியிருக்கிறேன்.

நான் அங்கே கணக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். வாத்தியார்களுக்கென்று தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. கடைசி வீடு எங்களுக்கு, அதற்கு முந்தின வீடு மாஸ்டருக்கு. முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வெயில் காய உட்கார்ந்தேன். பக்கத்து வாசலில் மாஸ்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் அவர் மனைவி ரூபி அக்கா. அக்காவின் கையை மடியில் துண்டு விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார்.

"பாவம், அந்தம்மா கையில முள்ளு ஏறிடுச்சு போல" என்றேன் என் மனைவி செண்பகத்திடம்.

செண்பகம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். "முள்ளு எடுக்கலைங்க. நகத்துல பூ வரையிறாரு."

அன்றைக்குப் போனது என் நிம்மதி.

நெயில் பாலிஷ் என்றால் அப்போது கடைத்தெருவில் இரண்டே நிறம்தான், சிவப்பும் ரோஸும். சீசனில் மட்டும் நிறமே இல்லாத வெறும் பாலிஷ் வரும். மாஸ்டர் அதை வாங்கி வைத்துக்கொள்வார். மருந்துப் புட்டி மூடியில் இரண்டு சொட்டு ஊற்றி, கைக்குட்டையில் சலித்த கோலப்பொடியைக் கலந்தால் நீலம், மஞ்சள், ஊதா என்று அவருக்கு எது வேண்டுமோ அது வரும். புள்ளிக்குக் குண்டூசித் தலை. கோட்டுக்குச் சீவிய ஈர்க்குச்சி. அக்காவின் பழைய முக்காட்டிலிருந்து வெட்டிய சல்லாத் துணியை நகத்தின்மேல் வைத்து அதற்குமேல் வண்ணத்தை ஒற்றி எடுத்தால் நகம் முழுக்க வலைப்பின்னல்.

வாரத்துக்கு ஒரு வேலைப்பாடு. பேரிக்காய் காய்க்கும் காலத்தில் பேரிக்காய், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். ஒரு வாரம் ஏரியும் படகும். படகில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததாகவும் அதில் ஒருவர் குடை பிடித்திருந்ததாகவும் செண்பகம் சத்தியம் செய்தாள். இன்னொரு வாரம் பத்து நகமும் வெறும் வெள்ளை.

"சரக்கு தீர்ந்துபோச்சு போல" என்றேன், ரொம்ப சந்தோஷமாக.

"அது மூடுபனிங்க. உத்துப் பாருங்க, உள்ள ஒரு மரம் நிக்குது."

அடுத்தவர் பெண்டாட்டி நகத்தை எவ்வளவு நேரம்தான் உற்றுப் பார்ப்பது? எனக்கு மரம் தெரியவில்லை. வரிசையில் இருந்த மற்ற பெண்களுக்கெல்லாம் தெரிந்தது.

அவர்கள் ஒருநாள் சேர்ந்து மாஸ்டரிடம் போய்த் தங்களுக்கும் போட்டுவிடச் சொல்லிக் கேட்டார்கள். மாஸ்டர் எழுந்து நின்று, "நமக்கு இந்த ஒரு கைதாங்க பழக்கம். வேற கையப் பிடிச்சா நடுங்கும். உங்க வீட்டுல சொல்லுங்க, படிச்சுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டார். பெண்கள் வீட்டில் சொன்னார்கள். அந்த மாதம் எங்கள் வரிசையில் பாத்திரங்கள் வழக்கத்துக்கு அதிகமாகவே சத்தம் போட்டன. செண்பகம் மட்டும் ரசம் ஊற்றும்போது கரண்டியைப் பிடித்திருந்த தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊற்றுவாள், அவ்வளவுதான். அதற்கு அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

எனக்கு வந்தது சாதாரணப் பொறாமை இல்லை. நெஞ்செரிச்சல் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. மாஸ்டர் என்னிடம் வந்து, "சார், அந்தப் பச்சை சாக்பீஸ் துண்டு ஏதும் கெடக்கா? பொடி பண்ணிக்கிடுவேன்" என்று கேட்பார். அன்றிலிருந்து என் வகுப்பில் எல்லா முக்கோணமும் பச்சைதான். துண்டு நகத்துக்குள் போகிற அளவு தேயும்வரை எழுதிவிட்டு, "இல்லையே மாஸ்டர்" என்பேன். அவர், "அதனால என்ன சார்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிவப்புப் பாலிஷ் வாங்கினேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, யாரும் பார்க்காதபடி இரண்டு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். செண்பகத்தை உட்காரவைத்துக் கட்டைவிரலில் ஒரு ரோஜா போட்டேன். நான் நினைத்தது ரோஜா. மறுநாள் காய்கறிக்காரம்மா அவள் கையைப் பார்த்துப் பதறிப்போய், "என்ன தாயி, விரல் நசுங்கிருச்சா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள் செண்பகம். என்னை விட்டுக்கொடுக்காமல் அவள் சொன்ன அந்தப் பொய் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டு மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அதுக்கென்ன சார், வாங்க. மூச்சுலதான் எல்லாம் இருக்கு" என்று உட்காரவைத்தார். யார் கையில் பழகுவது என்று நான் தயங்கியபோது, தன்னுடைய இரண்டு கைகளையும் நீட்டினார். கரளை கட்டிய கைகள், ஒவ்வொரு நகமும் ஓர் அவரை விதை அகலம். "இதுல போடுங்க. எடம் தாராளமா கெடக்கு."

பாடம் மைதானத்துப் பாணியிலேயே நடந்தது. "மூச்சை இழு. நிறுத்து. குச்சியை வை. இழு. எடு. மூச்சை விடு." நாலு நாள் சாயங்காலமும் போனேன். சுதந்திர தினத்துக்கு முந்தின நாளோடு அவருடைய பத்து நகத்திலும் பத்து ரோஜா. ஒன்றுகூட ரோஜா மாதிரி இல்லை. சரியாக வராததையெல்லாம் நான் மேலே மேலே பூசிச் சரிசெய்ததில், ஒவ்வொன்றும் கெட்டி ஜாம் தடவின மாதிரி உயர்ந்து நின்றது.

"நாளைக்குக் கொடியேத்தம். அழிச்சிருவோம்" என்றார் மாஸ்டர்.

பாலிஷை அழிக்கும் மருந்து ஒரே ஒரு குப்பி இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கப்போனவன் நான். மூடியைக் கழற்றியதும் நான்தான். கை நழுவி, மருந்து அத்தனையும் சிமெண்டுத் தரையில் ஓடி மறைந்தது. கடைத்தெருவுக்கு ஓடினேன். "அது இனிமே அடுத்த சீசனுக்குத்தான் சார் வரும்" என்றார் கடைக்காரர். திரும்பி வந்தால் ரூபி அக்கா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரோஜாக்கள் பளபளப்பானதுதான் மிச்சம். பிளேடால் சுரண்டிப் பார்த்ததில் ரத்தம் வந்தது, ரோஜா வரவில்லை.

நான் என் கம்பளிக் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாஸ்டர் அதை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "கையுறை போட்டுக்கிட்டுக் கொடிக்கு சல்யூட் அடிக்கப்படாது சார். நீங்க வெசனப்படாதீங்க."

மறுநாள் வெள்ளனே மழை விட்டிருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி மேடையில். பையன்களின் அணிவகுப்புக்கு முன்னால் மாஸ்டர், மண்ணெண்ணெய் வாசனையோடு. மேடைக்கு நேராக வந்து நின்று, வலது கையை விறைப்பாக நெற்றிக்குக் கொண்டுபோனார். ஐந்து ரோஜாக்களும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பதிலுக்கு சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கிய அதிகாரி, தூக்கியபடியே அப்படியே நின்றுவிட்டார். பையன்களில் ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் முன்வரிசையில் இருந்தவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

விழா முடிந்ததும் ஹெட்மாஸ்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். மிட்டாய்த் தட்டோடு நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன மாஸ்டர் கோலம் இது?"

"வீட்டுல ஒரு சின்னச் சோலி சார். அழியல."

"யார் போட்டுவிட்டது?"

"பழகுற பிள்ளை சார். இன்னும் கை திருந்தல."

"குழந்தையா?"

"ஆமா சார். கொழந்தைதான்." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை ஹெட்மாஸ்டர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மாஸ்டர் வருஷம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஒரு பயணத்துக்காகத்தான். ரூபி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே ஹெட்மாஸ்டரிடம் ஓடி, "அதைப் போட்டது நான் சார்" என்றேன்.

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "கணக்கு வாத்தியார் பூ வரைவாரா? அவரைக் காப்பாத்த நீங்க பழியைத் தூக்கிப் போட்டுக்கிறீங்க. உங்களுக்குத் தங்கமான மனசு."

இப்படியாக அவருக்குத் தண்டனையும் எனக்குத் தங்கமான மனசும் கிடைத்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? ஹெட்மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு மாஸ்டர் வாசலில் நின்றார். விழாவுக்கு வந்திருந்த அவர் வீட்டம்மா, அந்த ரோஜாக்கள் மோசம்தான் என்றும், ஆனால் ரூபியின் கையைப் போய்ப் பார்த்தீர்களா என்றும் கேட்டிருக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து கேட்டிருக்கிறார். "இந்த ஈர்க்குச்சியை எந்தப் பக்கம் மாஸ்டர் சீவணும்?" என்று ஹெட்மாஸ்டர் மெல்லிய குரலில் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். மாவட்டப் போட்டிக்கு மாஸ்டர்தான் போனார்.

அதே ஞாயிற்றுக்கிழமை நானும் செண்பகத்தை உட்காரவைத்தேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, குச்சியை வைத்தேன். இந்த முறை ரோஜாவை விட்டுவிட்டு வெறும் புள்ளிகள். மூன்றாவது விரலுக்கு வந்தபோது அவள், "ஏங்க, ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

"பேசினா கை ஆடும்."

"ஆடட்டும். மாஸ்டர் கோட்டுக்குக் கோடு நடுவுல பேசிக்கிட்டேதானே போடுவாரு. வாரம் பூராவும் நடந்தது எல்லாத்தையும் அக்காகிட்ட சொல்லுவாரு. அவ்வளவு பெரிய குரல வச்சுக்கிட்டு எவ்வளவு மெதுவா பேசுவாரு தெரியுமா? நான் அதக் கேக்கத்தான் வாசல்ல நிப்பேன்."

நகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நான் எரிந்த எரிச்சல் முழுக்க வீண். இவள் பொறாமைப்பட்டது வேறொன்றுக்கு. பச்சை சாக்பீஸ் விஷயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் புள்ளிகள் எல்லாம் கோடுகளாகிவிட்டன. அழிக்க வேண்டாம் என்றாள். அழிக்கவும் மருந்து இல்லை.

பிறகு எனக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிவிட்டது. மாஸ்டர் ஓய்வு பெற்றதும் பாச்சலூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி ரூபி அக்காவோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு நாங்கள் அங்கே போனோம். வயசான காலத்தில் மனிதர் கொஞ்சமாவது தளர்ந்திருப்பார், ஒரு தடவையாவது அவரைப் பார்த்துப் பொறாமைப்படாமல் வரலாம் என்று எனக்கு ஓர் ஆசை. போய்ப் பார்த்தால் வீட்டைச் சுற்றி ஆரஞ்சு மரங்கள். கிளை ஒடியும் அளவுக்குக் காய்ப்பு. பக்கத்துத் தோட்டங்களில் அந்த வருஷம் ஒன்றுமே காய்க்கவில்லையாம். பழையபடி ஓமத் தண்ணீர் தேடவேண்டியதாயிற்று.

கிளம்பும்போது மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல ஒரு சாக்கு நிறையப் பழத்தைக் கட்டி, தன் தோளிலேயே தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திண்டுக்கல் வந்து தெரு முழுக்கக் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான், "எங்க மாஸ்டர் தோட்டத்துப் பழம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். யாரும் கேட்காமலே.