முதல் பரிசு வாங்கிய மணிக்கட்டு

பிள்ளைக்காக அப்பாவே பரீட்சை எழுதினார் என்று பேப்பரில் படித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் மகளுக்காக ஆள் வைத்து நடந்தவன் நான். (நானே நடந்திருந்தாலாவது தொப்பை குறைந்திருக்கும்.)

நித்யா அப்போது ஐந்தாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் பள்ளி விட்டதும் அங்கேயே ஆறு மணி வரை மாலை வகுப்பு உண்டு. அதை நடத்திய கலா மிஸ், பஃப்ஸுக்குப் பதில் சுண்டல், செல்போனுக்குப் பதில் ஓட்டம் என்று ஒரு திட்டம் போட்டார். ஆளுக்கொரு கறுப்புப் பட்டையும் கொடுத்தார். கையில் கட்டினால் நடக்கும் அடிகளை எண்ணி, நேரத்தோடு குறித்துவைக்கும். வெள்ளிதோறும் மிஸ் கணக்குப் பார்ப்பார்.

சுண்டலை நித்யா ஒரு கை பார்த்தாள். பட்டையைத்தான் "அரிக்குதுப்பா" என்று முதல் நாளே அலமாரியில் போட்டுவிட்டாள். வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரப் பட்டியல் வந்தது. கடைசிப் பெயர் அவளுடையது.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொல்லியிருந்த நேரம் அது. பத்து வயதுப் பெண்ணுக்கு ஊசி போடுவதாகக் கற்பனை செய்து வியர்த்துப்போனேன். அவளை நடக்கச் சொல்லியிருக்கலாம். நான் வரதன் மாமாவிடம் போனேன்.

எதிர்வீட்டு மாமா தினமும் விடிவதற்குள் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதி நான்கையும் சுற்றுகிறவர்.

"மாமா, இது பிரஷர் பார்க்கிற பட்டை. கட்டிக்கிட்டு நடந்தா ரொம்ப நல்லதுங்க."

"பேஷ்! என் பிள்ளைக்குக்கூட இந்த அக்கறை இல்லைடா" என்று நெகிழ்ந்து, சாயங்காலமும் ஒரு சுற்றைச் சேர்த்துக்கொண்டார். வியாழன்தோறும் 'சார்ஜ்' போட்டுத் தருவதாகப் பட்டையை வாங்கி, மறுநாள் மிஸ்ஸிடம் நானே கொடுத்து வந்தேன்.

மாதக் கடைசியில் பரிசளிப்பு. மைதானம் நிறையப் பெற்றோர்.

"முதலிடம், நித்யா!"

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன். மிஸ் பட்டையை உயர்த்திக் காட்டினார். "காலையில நாலரைக்கே நடக்கிறியே, எப்படிம்மா எழுந்திருக்கிற?"

"நான் ஏழரைக்குத்தான் மிஸ் எழுந்திருப்பேன். அதுவும் அம்மா தண்ணி தெளிச்சா."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்டாப்பா சேகர், அது நம்ம பிரஷர் பட்டைன்னா?"

வரதன் மாமா! இரண்டாம் பரிசு வாங்கும் திருவானைக்காவல் பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். (அவருடைய பேத்தி ஒருத்தி இதே பள்ளியில் படிப்பதை விசாரிக்காமல் போனேனே!)

"தாத்தா, நீதான் என்னைத் தோக்கடிச்சியா?" என்று அந்தப் பெண் அலறினாள்.

"நான் எங்கடி தோக்கடிச்சேன்? பெருமாளைன்னா சுத்திண்டிருந்தேன்!"

மைதானமே சிரித்தது. நித்யா சிரிக்கவில்லை. என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னால முடியாதுன்னு நெனச்சிட்டியாப்பா?"

மைக் அவள் வாயருகிலேயே இருந்தது.

பரிசாகக் கொடுத்த ஸ்கிப்பிங் கயிற்றை மாமாவின் பேத்தி கையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். வீடு வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். மறுநாள் பட்டையைத் தானே கட்டிக்கொண்டாள். அடுத்த மாதப் பட்டியலில் பதினோராவது இடம். மூச்சு வாங்க ஓடி வந்து அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. மதிப்பெண் அட்டையை என்னிடம் நீட்டும்போதெல்லாம், "நானே எழுதினதுப்பா. வரதன் மாமா எழுதலை" என்பாள். சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்கும். நான் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறேன்.