மேகத்தில் ஏறிய கலியாணப் படங்கள்

பொய் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இல்லை என்பதை முப்பது பேருக்கு முன்னால், பெரிய திரையில், கலரில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கிளிநொச்சியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமை. முல்லைத்தீவுக் கரையில் சித்தப்பா மகளுக்குக் கலியாணம். புதிதாகச் சேர்ந்தவள் லீவு கேட்கலாமா? கலியாண வீட்டிலிருந்தே பொறுப்பாளர் மனோகரி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், சரியான காய்ச்சல். எழும்பவே ஏலாமல் கிடக்கு." (ஆட்டத்துக்குப் போட்ட பைலாப் பாட்டுக் கேட்டுவிடாமல், சமையல் நடந்த குசினியின் கதவைச் சாத்திக்கொண்டுதான்.)

"ரெஸ்ட் எடும் பிள்ளை. நாளைக்கு வகுப்பு உம்மடதான்."

மறுநாள் கூட்டுறவுச் சங்கத்தினருக்கு மேகக் கணிமை அறிமுகம். மிஸ் பின்வரிசையில் இருந்தார். நான் இருமிக்கொண்டே தொடங்கினேன். (காய்ச்சலுக்கு இலவச இணைப்பு.)

"மேகம் எண்டா வானத்தில இல்லை. எங்கயோ தூரத்தில இருக்கிற பெரிய கணினியள். உங்கட போன்ல எடுக்கிற படம் இன்டர்நெட்டால அங்க போய் நிக்கும். எந்தக் கணினியிலயும் திறந்து பாக்கலாம்."

"எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்றார் தர்மபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா.

என் கணக்கைத் திரையில் திறந்தேன். போனுக்கு நிலையத்தின் வைஃபையைக் கொடுத்து, முன்வரிசையில் ஆள் இருக்காத ஒரு கதிரையைப் படம் எடுத்தேன்.

"இப்ப கதிரை வரும்."

கதிரை வரவில்லை. நண்டுக்காலைக் கடித்தபடி நான் வந்தேன்.

கரையில் போன் கதைக்கலாம், இன்டர்நெட் இழுக்காது. அதனால் போனுக்குள் காத்துக்கிடந்த கலியாணம் முழுவதும் இப்போது வரிசையாகப் புறப்பட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடும் நான். வாயில் கேக்கோடு நான். பதறிப்போய் போனை நிறுத்தினேன். வந்த படங்கள் திரையிலேயே நின்றன.

"போன் நிண்டாலும் படம் நிக்குது! இப்ப வடிவா விளங்குது பிள்ளை!" அந்த அம்மா கைதட்டினார்.

மிஸ் எழுந்து வந்தார். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டினேன். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல. படத்தில் எனக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரரை.

"இதைப் பெருப்பியும்."

பெருப்பித்தேன்.

"என்ர மனிசன்" என்றார் மிஸ் மெதுவாக. "பூநகரிக்கு வயல் பாக்கப் போறன் எண்டவர்."

(மிஸ்ஸின் கணவர் மாப்பிள்ளையின் தகப்பனோடு படித்தவராம். எனக்கெப்படித் தெரியும்?)

மிஸ் போனோடு வாசலுக்குப் போனார். முப்பது பேரும் காதைத் தீட்டினோம்.

"என்னப்பா, நேற்று வயல் எப்பிடி? நெல்லு நல்லா ஆடிச்சுதோ?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. திரும்பி வந்தவர் என்னைக் கேட்டார்: "உமக்குக் காய்ச்சல் மாறிட்டுதோ?"

"மாறிட்டுது மிஸ்."

"அப்ப போனைப் போடும். மிச்சத்தையும் பாப்பம்."

வேலை தப்பியது. ஆனால் கதை ஊரெல்லாம் பரவி, அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் வாசலிலேயே என் போனைப் பறித்துவிடுவார்கள். போன வருடம் என்னுடைய கலியாணத்துக்கு நான் காரிலிருந்து இறங்கியபோதும், சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பொம்பிளை, போனைத் தந்திட்டு உள்ள வா. கனபேர் வீட்டில சொல்லாமல் வந்திருக்கினம்."