வரிப்பணத்தார் நிறுத்திய பேருந்து

வரிப்பணத்தார் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். சாலையில் ஒரு குழி விழுந்தால் போதும், எங்கிருந்தாவது வந்து நிற்பார். "எல்லாம் என் வரிப்பணம் சார்!" குழியை மூட ஆள் வந்தாலோ, "ஒரு குழிக்கு நாலு பேரா? என் வரிப்பணம்!"

எங்கள் வட்டாரத்து வரிப்பணத்தார் கட்டில், பீரோ விற்கும் கடைக்கு முதலாளி. நகராட்சித் தண்ணீரில் குளித்து, நகராட்சிப் பூங்காவில் நாலு சுற்று நடந்து, நகராட்சி நூலகத்தில் ஓசியில் பேப்பர் படித்துவிட்டு, "இந்த நகராட்சியால எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று பெருமூச்சு விடுவது அவருடைய காலைக் கடமை. ஏழைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "என்னை மாதிரி உழைக்கணும் சார்" என்பார். கடை அவருடைய அப்பா வைத்தது. அது வேறு விஷயம்.

அந்த வருடம் பட்ஜெட் போடுமுன் நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டது. விடுவாரா? முதல் வரிசை, முதல் மைக்.

"நகராட்சி செலவுல விடுற காலை ஆறு மணி பஸ் தினமும் காலியா ஓடுது. அதை நிறுத்துங்க!" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். வரிப்பணத்தார் வீட்டில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்பவர்.

"உங்க தெரு முனையில நாங்க எல்லாரும் இறங்கின பிறகு பாக்குறீங்க. அதான் காலியா தெரியுது."

"வரி கட்டுறவன் பேசுறேன். கொஞ்சம் உக்காரும்மா."

"சோப்பு வாங்கினா நானும்தாங்க கட்டுறேன்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பேருந்து நின்றது.

அன்று முதல் அந்தப் பெண்மணி வேலைக்கு நடந்தே வந்தார். மூன்றாம் வாரம், "கால் தாங்கலைங்க. வீட்டுப் பக்கத்துலயே வேலை கெடச்சிருக்கு" என்று சொல்லி, பெரியவரின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, நனைந்த படுக்கைக்கு முன்னால் வரிப்பணத்தார் தனியாக நின்றார். பெற்ற அப்பாவை எந்தப் பக்கம் புரட்டுவது என்று தெரியவில்லை. "அந்தப் பொண்ணு எங்கடா?" என்று பெரியவர் குழறினார். ஒரு மணி நேரம் பட்ட பாட்டில் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"வரி கட்டுறவனுக்கு ஒரு பஸ் விடத் துப்பில்லையா?"

குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். "நிறுத்தச் சொன்னதே நீங்கதான் சார். கையெழுத்து இருக்கு."

"நான் மத்தவங்க பஸ்ஸைத்தானேய்யா நிறுத்தச் சொன்னேன்!"

சிரித்தாயிற்றா? ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம், அரசு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் என்ற செய்தியைப் படித்துவிட்டு, "இதெல்லாம் யார் கேட்டா?" என்று சத்தமாகவே சொன்னீர்களே, அப்போது உங்கள் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் தலை நிமிர்ந்தாரே, பார்த்தீர்களா?