கண்ணாடிக்கு வெளியே நின்று கணக்குப் போடுகிறவர்கள்

முக்கொம்பு மதகில் நின்று காவிரியை ஒரு பார்வை பார்த்தாலே எத்தனை கன அடி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். மிகைதான். மதகு ஊழியரிடம் விசாரித்த பிறகு சொல்வேன். இந்த ரகத்துக்குக் கணக்குப்புலி என்று பெயர். திருச்சி தில்லை நகர் ஆஸ்பத்திரிகளின் ஐ.சி.யூ. வாசல்களில் கூட்டமாகக் காணப்படும்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். நோயாளி உள்ளே, இவர் வெளியே, மடியில் ஃபிளாஸ்க். "நான் டாக்டர் இல்லைங்க, சும்மா கேக்கறேன்" என்று ஆரம்பித்தால் சும்மா கேட்கவில்லை என்று பொருள். அடுத்த படுக்கைக்காரரின் ரத்தத்தில் சிறுநீரகம் கழிக்காமல் விட்ட கிரியாட்டினின் எவ்வளவு என்று பரீட்சை மார்க் போல விசாரிப்பார், தம்மவருடையது குறைவென்றால் முகம் மலர்வார், டியூட்டி டாக்டர் மாறினால் போனவர் சொன்னதை வந்தவரிடம் ஒப்பித்து முகம் மாறுகிறதா என்று பார்ப்பார். படிப்பு? என்றைக்கோ வாங்கிய ஒரு பி.எஸ்ஸி. என்னுடையது வேதியியல்.

போன மாதம் என் வீட்டுக்காரர் இருதயநாதனுக்குச் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. இரவும் பகலும் ஓடும் மெஷின் ஒன்று அவர் ரத்தத்தை இழுத்து, ஃபில்டரில் வடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் வடித்தால் மிச்சம் குழம்பாகி ஃபில்டரில் உறைந்துவிடும். முதல் நாளே ஒன்று அடைத்து, அதிலிருந்த ரத்தமும் வீணாகியிருந்தது. விடுவேனா? பார்வை நேரத்தில் திரையின் எண்களை மனப்பாடம் செய்தேன். ரத்தம் ஓடும் நிமிடக் கணக்கை மணிக்கணக்காக்கி, சிவப்பணுக்களைக் கழித்து (கத்துக்குட்டிகள் சறுக்குமிடம் இதுதான்), மணிக்கு வடிகிற நீரை அதால் வகுத்தேன்.

இருபத்தொன்பது.

வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டேன். "அப்பாவ அசைக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று மகள் பிரான்சி அழுதாள். என் சூத்திரத்தில் அழுகைக்கு இடமில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. அப்போதுதான் டாக்டர் அஃபீஃபா ஓடி வந்து, என் கணக்கை வரிவரியாகக் கேட்டார்.

"போட்டதெல்லாம் சரிம்மா. ஆனா நேத்து அடைச்சுக்கிட்டதாலதான் இன்னைக்கு ஃபில்டருக்கு முன்னாடியே திரவம் கலந்து ரத்தத்தை இளக்கி விடறோம். நீங்க வகுக்கற எண்ணோட அதையும் கூட்டணுமே, கூட்டினீங்களா?"

கூட்டினேன். இருபத்துநான்கு.

பெருந்தன்மையுடன் நானே ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினேன்.

சிரிக்காதீர்கள். "இந்த அம்மா திரையில் பார்த்த எண்களைச் சொல்லவே இல்லையே, சொன்னால் நாமும் போட்டுப் பார்க்கலாமே" என்று உங்கள் விரல் துறுதுறுத்ததா? அப்படியானால் ஐ.சி.யூ. வாசலில் எனக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது.

இதுவரை எழுதியதை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆம்புலன்ஸைத் திருப்பினது நீ இல்ல. ஸ்ட்ரெச்சரோட வந்த பையன்ககிட்ட நான்தான் சொன்னேன். அவளுக்கு விடை எப்பவும் ரெண்டு தரம் வரும்ப்பா, ரெண்டாவது வர்ற வரைக்கும் என்னைத் தொடாதீங்கன்னு."