பளிச் அழித்த தழும்பு

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை வரைக்கும், கருப்பாகப் பிறந்த ஒருத்தனையும் கருப்பாகவே வீட்டுக்குப் போக விட்டதில்லை பளிச். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்தான். ஆனால் எந்தப் பெயர் சொன்னாலும் அது பொய் மாதிரிதான் இருந்திருக்கும். அந்த அளவுக்கு அவர் பளிச்.

என் கடைக்குப் பக்கத்து செல்போன் கடையில் அவர் புரமோட்டர். அதாவது சம்பளம் போன் கம்பெனி கொடுக்கும், நாற்காலி கடைக்காரர் கொடுப்பார், திட்டு இரண்டு பேரும் கொடுப்பார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பார்க்கிற அந்த வேலையை, தலைக்கு டை அடித்து, தொப்பை மேல் கம்பெனி டீ-ஷர்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் பார்த்தார். நான் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக்கொண்டிருந்தேன். காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, அந்த வட்டாரத்தில் எல்லாம் நம் கைவண்ணம்தான்.

அப்போதெல்லாம் மாதம் பிறந்தால் ஒரு புது போன் பிறந்துவிடும். வாசலில் பலூன், மேளம், கேக். நேற்று வரை தலையில் தூக்கி வைத்து ஆடிய போனைப் பளிச் அன்றைக்கு ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

"யோவ், போன வாரம் இதான் ராஜான்னு சொன்னியே?" என்று ஒருமுறை சண்டைக்கே போய்விட்டேன்.

"ராஜாவும் ரிட்டயர்டு ஆவாரு நைனா. புச்சா வந்துகீறவர கண்டுக்கோ."

ரிட்டயர்டு ஆன ராஜாவுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தவன் நான்.

எந்த ராஜா வந்தாலும் பளிச் விற்றது ஒன்றே ஒன்றைத்தான். கேமராவில் இருக்கிற பியூட்டி மோடு. 'போனைக் காட்டாதே, கஸ்டமருக்கு அவன் மூஞ்சியைக் காட்டு' என்று ட்ரெயினிங்கில் சொல்லி அனுப்பினார்களாம். மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ் வந்து நின்றால் போதும், டெமோ போனோடு ரோட்டுக்கு ஓடுவார். தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் தூக்கக் கலக்கத்தில் இறங்குவார்கள். ஒருத்தன் தோளைப் பிடித்து நிறுத்தி ஒரு கிளிக்.

"இன்னாமா பளிச்சுனு கீற பாரு! உங்கம்மா பாத்தா சுத்திப் போடும்பா!"

பார்த்தால் எட்டு மணி நேரம் லைனில் நின்ற களைப்பு இருக்காது, பரு இருக்காது, நிறம் இருக்காது. நெற்றி டியூப்லைட்டாக எரியும். படத்தை அவனுக்கு உடனே அனுப்பியும் விடுவார். ஃபேக்டரி கேட்டில், உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று பையன்களின் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விடுவார்கள், அதைப் பிய்த்தால் வம்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தடவி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹாஸ்டல் ஹாஸ்டலாக வந்து பளிச்சிடம் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களில் போன் வாங்குகிறவன் எவனும் இல்லை. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எதிர்சாரி டீ மாஸ்டர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பளிச் எடுத்த தன் படத்தை மாஸ்டர் கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிட்டார். ஒருநாள் மணிமங்கலத்திலிருந்து பெண் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து, நேராக மாஸ்டரிடமே படத்தை நீட்டினார்கள்.

"இந்தத் தம்பி இங்க வேலை செய்யறதா சொன்னாங்க. எங்க கீறாரு?"

மாஸ்டர் படத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "அவரு லீவு" என்று சொல்லி ஆளுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பி வைத்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பளிச் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணு வூட்டுக்காரங்களுக்குக் கண்ணு சரியில்ல" என்று கோபித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பெல்லாம் செல்வின் செத்ததோடு போயிற்று.

செல்வின் நாசரேத் பக்கத்துப் பையன். ஞாயிறு காலை சர்ச்சை முடித்துவிட்டு, முதல் ஆளாகப் பளிச் முன்னால் வந்து நிற்பான். பைக்கில் வேலைக்குப் போனவன் மேல் கன்டெய்னர் லாரி ஏறிவிட்டது. போனும் நொறுங்கிப் போயிற்று. அவனுடைய ரூம் பையன்கள் தங்கள் போனில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு அஞ்சலி பேனர் அடிக்க என்னிடம் வந்தார்கள். கூடவே அவன் அம்மா. ஊரிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்திருந்தார். நான் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இது யாரு?" என்றார் அந்த அம்மா.

"உங்க பையன்தாம்மா. செல்வின்."

"எம் மவன் கருப்புல்லா தம்பி. இது யாரோ வெள்ளையா இருக்கான்."

பையன்கள் வேறு வேறு படங்களைக் காட்டினார்கள். எல்லாம் பளிச் எடுத்தவை. வேலைக்கு ஆள் சேர்த்த கான்ட்ராக்டர் கொடுத்த ஐடி கார்டில் இருந்ததும் அவர் எடுத்ததுதான். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"புருவத்துல ஒரு வெட்டு கெடக்குமே, அத எங்க? சின்னதுல சோறு வேண்டாம்னு ஓடுனான், அகப்பையால எறிஞ்சிட்டேன். அதத் தடவித்தான் ஒறங்க வைப்பேன். ஆஸ்பத்திரியில மொகத்தச் சுத்திக் கட்டிட்டாவ, பாக்க விடல. மீச மொளச்ச பெறவு ஒரு கிறிஸ்மஸுக்குத்தான் ஊருக்கு வந்தான். படத்துலயாவது ஒருக்கா பாத்துட்டுப் போறேன் தம்பி."

அன்றைக்குப் புது மாடல் வருகிற நாள். அதற்கான பேனரை வாங்க வந்த பளிச் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உடனே தன் கடைக்கு ஓடினார். அசல் படம் ஏதாவது டெமோ போனில் தங்கியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கடை சாத்தினதும் டெமோ போன் தானாகவே எல்லாப் படத்தையும் துடைத்துவிடும். நாளைக்கு வருகிற கஸ்டமருக்கு அது புதுசாக இருக்க வேண்டும் என்று கம்பெனி செய்து வைத்த ஏற்பாடு. அவருக்கு அது தெரியாததா? இருந்தும் ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"யம்மா, நான்தான் அழிச்சேன். நீ சொல்லு, ஒண்ணொண்ணா வெச்சிடலாம். மொதல்ல நெறத்தச் சொல்லும்மா."

நான் மவுஸைப் பிடித்தேன். படத்தைக் கொஞ்சம் கருப்பாக்கினேன்.

"இன்னும்" என்றார் அந்த அம்மா. "இன்னுங் கொஞ்சம்."

"கேட்டுச்சா நைனா? இன்னுங் கொஞ்சம்."

கன்னத்தில் பரு வந்து போன குழிகள். மூக்குக்குக் கீழே எள்ளு மாதிரி ஒரு மச்சம். கண்ணுக்குக் கீழே கருவளையம். அம்மா சொல்லச் சொல்ல, ஒரு பருவைக் கண்டாலே முகம் சுளிக்கிற பளிச் "வையி நைனா, வையி" என்று கெஞ்சினார். தழும்புக்கு மட்டும் அந்த அம்மா பேசவில்லை. எழுந்து வந்து திரையில் விரலை வைத்து, புருவத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்த விரல் போன வழியே நானும் போனேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏ ராசா, வந்துட்டியாய்யா" என்று மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பளிச் வெளியே போய், பலூன் கட்டின வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் இருந்த டெமோ போன் அத்தனையிலும் பியூட்டி மோடை நிறுத்திவிட்டார். பையன்கள் வந்து, "அண்ணே, போனு ரிப்பேரா?" என்று கேட்டார்கள்.

"போன் நல்லா கீது. நீயும் நல்லாதான் கீற. போ."

விற்பனை படுத்துவிட்டது. என்ன ஏது என்று பார்க்க வந்த ஏரியா மேனேஜர் டெமோ போனில் தன்னையே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேள் கொட்டின மாதிரி துள்ளினார்.

"என்னய்யா இது, யாரு இது?"

"நீங்கதான் சார்."

அந்த வாரமே வேலை போயிற்று. டீ-ஷர்ட்டைத் துவைத்து மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். கிளம்புகிற அன்று எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரையும் வெயிலில் நிற்க வைத்து, தன் சொந்த போனில் ஒவ்வொருவராகப் படம் எடுத்தார். சிரி என்று சொல்லவில்லை, இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முகத்தையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத் தாம்பரம் பஸ் ஏறினார். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன் போட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

அந்தப் படத்தில் எனக்குக் கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. அம்மை போட்ட குழி அத்தனையும் இருக்கிறது. நான் போய்விட்டால் பேனரில் இதைத்தான் போட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். "வேற நல்ல படமே இல்லையா?" என்று மனைவி திட்டுகிறாள். நிறைய இருக்கிறது. ஆனால் என்னை ஒருத்தர் நன்றாகப் பார்த்து எடுத்த படம் இது ஒன்றுதான்.