பட்டு சுற்றிய ஏழு முட்டு

நெடுமாடம் என்ற நாட்டில் ஒரு கட்டடம் முடிந்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம்தான் இருந்தது. அதைக் கட்டிய கொத்தனார் அதன் அடியில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். தளம் போட்டு, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இருபத்தொரு நாள் காத்திருப்பார்கள். பிறகு அடியில் கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை ஒவ்வொன்றாக உருவுவார்கள். கடைசி முட்டுக் கம்பை உருவும்போது கொத்தனார் நடுவில் சம்மணம் போட்டு, கையில் கஞ்சிக் கிண்ணத்துடன் இருக்க வேண்டும். குடித்து முடித்து அவர் எழுந்து வந்தால் மற்றவர்கள் உள்ளே போகலாம். இது சட்டம் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நூறு ஆண்டுகளாக அங்கே ஒரு தளமும் விழுந்ததில்லை.

பிறகு சட்டம் வந்தது.

முதல் சட்டம் நல்ல சட்டம். அரசுக் கட்டட வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஐந்து ஆளுக்கு ஒரு பயிற்சியாளரை, அதாவது தொழில் பழக வருகிற ஒருவரை, வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் தொழில் கற்க வேண்டும், நாளைக்குக் கட்ட ஆள் வேண்டும். கட்டுமான அமைச்சர் பரிபூரணர் இதை அறிவித்தபோது கூட்டத்தில் நின்ற சுடலைமுத்து என்ற கொத்தனாரும் கைதட்டினார். பயிற்சியாளர்கள் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் மஞ்சள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார்கள். ஆய்வாளர்கள் குதிரையில் வந்து, சாலையில் நின்றபடியே மஞ்சளை எண்ணிவிட்டுப் போவார்கள். இறங்கி வந்து யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சுடலைமுத்து வேலை பார்த்தது தளவாய் என்ற ஒப்பந்தக்காரரிடம். தளவாய்க்குப் பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள், மூன்றாம் நாள் ஓடிவிட்டார்கள். நான்காம் நாள் ஆய்வு. தளவாய் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்து சுடலைமுத்துவின் தலையில் கட்டினார்.

"அண்ணாச்சி, நான் முப்பத்தொரு வருசமா கரணை பிடிக்கேன்."

"தெரியும்வே. அதனாலதான் உமக்குக் கட்டுதேன். ஒண்ணுந் தெரியாதவன் தலையில கட்டுனா வேலையக் கெடுத்துருவாம்லா?"

"அப்போ கூலி?"

"பயிற்சியாளர் கூலிதான். சட்டத்த மீறச் சொல்லுதீரா?"

மற்ற ஒப்பந்தக்காரர்களும் அதையே செய்தார்கள். பயிற்சியாளர்கள் வியக்கத்தக்க வேகத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள் என்று அரண்மனைக்கு அறிக்கை போனது. பரிபூரணர் மகிழ்ந்தார். ஐந்தில் ஒருவரே இவ்வளவு சாதித்தால் எல்லோரும் பயிற்சியாளரானால் என்ன ஆகும் என்று அரசவையில் கேட்டார். அடுத்த மாதம் எல்லோரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். சுடலைமுத்துவின் மனைவி சந்தனமாரி இருபது ஆண்டுகளாக அதே வேலைகளில் கலவை சுமந்தவர். அவர் தலையிலும் மஞ்சள் ஏறியது.

"நீ எதுல பயிற்சி எடுக்கே?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"சட்டி சுமக்குறதுல. இருபது வருசம் சுமந்தும் எனக்கு இன்னும் வரலையாம்."

சிரித்தார்கள். அதுதான் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசி முறை.

மன்னரும் முன்மாதிரியாக மஞ்சள் தலைப்பாகை கட்டிக்கொண்டார். அன்றுமுதல் அவர் ஆட்சிப் பயிற்சியாளர். அந்த மழைக்காலத்தில் பெரிய ஏரி உடைந்து நாற்பது ஊர் மூழ்கியபோது அரண்மனை ஒரே வரியில் விளக்கம் தந்தது. மன்னர் கற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் யாராலும் எதுவும் கேட்க முடியவில்லை. கற்பவரைத் தண்டிக்க அந்த நாட்டில் சட்டம் இல்லை.

மூன்றாவது ஆணை, பயிற்சியாளர் சொல்லும் எந்தக் கருத்தும் ஏட்டில் ஏறாது என்றது. தேர்ந்த கொத்தனார் பக்கத்தில் இல்லாமல் சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் தொடக்கூடாது என்றது. தேர்ந்தவர் யார் என்று முடிவு செய்ய எழுத்துத் தேர்வு. மொத்தம் ஏழு கேள்விகள். ஏழாவது, மன்னரின் தேர்க் குதிரைகளின் பெயர்களை வரிசைப்படுத்துக என்பது. நாடு முழுவதிலும் ஒருவர்தான் தேறினார். அமைச்சரின் மைத்துனர் கோமதிநாயகம். அவர் அரண்மனை லாயத்தில் இருந்தவர். நாட்டிலுள்ள தூக்குக்குண்டுகள் எல்லாம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

இந்த நிலையில்தான் மக்கள் மன்றம் கட்டப்பட்டது.

நெடுமாடத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். முறை எளிது. மக்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். மன்னர் வேண்டாம் என்பவர் உரக்கக் கூவ வேண்டும். பேசாமல் போகிறவர் மன்னருக்கு வாக்களித்தவர். இதற்கு ஒரு பெரிய கூடம் வேண்டும் என்று மன்னர் விரும்பினார். வேலை தளவாய்க்குக் கிடைத்தது.

தூண்கள் சாய்ந்திருந்தன. குண்டு இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்தே சுடலைமுத்துவுக்குத் தெரிந்தது. கலவையில் மண் கூடுதல். அதையும் விரலில் தேய்த்துத் தெரிந்துகொண்டார். இரண்டையும் தளவாயிடம் சொன்னார். "உம்ம கருத்து ஏட்டுல ஏறாதுவே, எனக்கு எதுக்குச் சொல்லுதீரு?" என்றார் தளவாய். தளம் போட்டார்கள். ஒன்பதாம் நாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. தேர்தல் நாளை மறுநாள். இன்றே முட்டு உருவ வேண்டும்.

அமைச்சர் வந்தார். ஏட்டுடன் எழுத்தர் வந்தார். கஞ்சி வந்தது. கோமதிநாயகம் மட்டும் வரவில்லை. அவருக்கு வயிற்று வலி.

"தேர்ந்தவர் இல்லாத நேரத்தில் ஒரு பயிற்சியாளர் அடியில் அமரலாம்," என்றார் பரிபூரணர். "அது அவருடைய செய்முறைத் தேர்வாகவும் கருதப்படும். அரசு யாருடைய முன்னேற்றத்துக்கும் தடையாக நிற்காது."

எல்லோரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஐயா, இன்னும் பன்னெண்டு நாள் வேணும். இப்ப உருவினா விழுந்துரும்."

"என்ன சொல்கிறார்?"

"பயிற்சியாளர் பேசுகிறார் ஐயா," என்றார் எழுத்தர். "பதியத் தேவையில்லை."

"நான் உக்கார மாட்டேன்."

எழுத்தர் உடனே மையில் பேனாவைத் தொட்டார். மறுப்பு கருத்து இல்லை, குற்றம். அதைப் பதியலாம். பதிந்துவிட்டுப் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"அடுத்த பயிற்சியாளர், சந்தனமாரி."

சந்தனமாரி தலைச் சும்மாட்டை இறக்கி வைத்தார்.  கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினார். சுடலைமுத்து குறுக்கே பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ வெளிய போ, மாரி."

"நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

"போன்னு சொல்லுதேம்லா."

சுடலைமுத்து போய் நடுவில் உட்கார்ந்தார். மொத்தம் நாற்பத்தேழு முட்டு. சுவரோரத்திலிருந்து உருவத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் போகும்போது தளத்தின் கனம் மீதி முட்டுகளின் மேல் நகர்வது அவருக்குக் காதில் கேட்டது. இருபது. முப்பது. கஞ்சியைக் குடிக்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பதாவது முட்டு விழுந்ததும் மேலே, காய்ந்த மட்டையை முறித்தது போல ஒரு சத்தம். கஞ்சியில் வெள்ளைத் தூசி விழுந்து மிதந்தது.

யாரும் அசையவில்லை.

"அது என்ன ஒலி?" வாசலுக்கு வெளியே நின்றிருந்த அமைச்சர் கேட்டார்.

"தளம் மூச்சு விடுதுங்க ஐயா," என்றார் தளவாய். அவர் அமைச்சரைவிடத் தள்ளி நின்றிருந்தார்.

அமைச்சர் சற்று யோசித்தார். "நாற்பத்தேழில் நாற்பது உருவியாகிவிட்டது. இது தெளிவான பெரும்பான்மை. பணி நிறைவு பெற்றதாக அறிவிக்கிறேன். மீதியுள்ள ஏழும் சிறுபான்மை. அவற்றுக்கும் நம் ஆட்சியில் இடமுண்டு. பட்டு சுற்றிவிடுங்கள்."

ஏழு முட்டுகளுக்கும் சிவப்புப் பட்டு சுற்றினார்கள். சுடலைமுத்து எழுந்து வந்தார். செய்முறைத் தேர்வில் தேறிவிட்டார். மஞ்சள் தலைப்பாகையை அவிழ்த்து வெள்ளை கட்டிவிட்டார்கள்.

"ஐயா, இப்ப எம் பேச்சு செல்லுமா?"

"சட்டப்படி செல்லும்."

"அப்போ எழுதுங்க. இந்தத் தளம் விழும். ஒருத்தரையும் உள்ள விடாதீங்க."

எழுத்தரின் பேனா ஏட்டுக்கு மேல் நின்றது. அவர் அமைச்சரைப் பார்த்தார்.

"நல்ல கருத்து," என்றார் பரிபூரணர். "ஆனால் புதிதாகத் தேர்ந்தவருக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தபின் உமது கருத்து ஏறும். முறை என்று ஒன்று உண்டு. கட்டடத்தின் உள்ளே நின்று, மக்கள் முன்னிலையில், மூன்று முறை உரத்த குரலில் சொல்ல வேண்டும். அதுவரை கட்டடத்தின் பொறுப்பாளர் நீர். காலைமுதல் மாலைவரை அடியிலேயே இருக்க வேண்டும். ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா?"

தேர்தலன்று வாசலில் முரசு முழங்கியது. நான்காவது முறை அடித்தபோது மேலே தளத்தில் விரிசல் ஒரு முழம் ஓடியது. கூடத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். முரசுக்காரனின் கை அந்தரத்தில் நின்றது. அதன்பிறகு முரசு அடிக்கவில்லை. மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே பார்த்தபடி, நுனிக்காலில் நடந்தார்கள். ஏரி உடைந்து வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அன்று ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். கூவுவதற்காகவே மூன்று நாள் நடந்து வந்தவர்கள். உள்ளே வந்ததும் வாயைத் திறந்தார்கள், மேலே பார்த்தார்கள், மூடிக்கொண்டு மறுவாசல் வழியே போனார்கள். ஒரு குரல்கூட எழவில்லை. மன்னர் முழுமையாக வென்றார். மஞ்சள் தலைப்பாகையைக் கழற்றவில்லை. இன்னும் கற்க நிறைய இருக்கிறது என்றார்.

இவ்வளவு அமைதியான இடத்தை வீணாக்கக் கூடாது என்று அரிசி வழங்குவதையும் மன்றத்துக்கே மாற்றினார்கள். அரிசி வேண்டுமென்றால் உள்ளே வந்துதான் வாங்க வேண்டும். தாய்மார்கள் குழந்தையின் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வந்தார்கள். தும்மல் வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார், வரிசையை இழந்தார். நாளடைவில் தெருவிலும் மெல்லப் பேசினார்கள். வீட்டிலும் மெல்லப் பேசினார்கள். சண்டைகூடக் கிசுகிசுப்பில் நடந்தது. அயல்நாட்டுத் தூதர்கள் வந்து பார்த்தார்கள். உலகில் வேறெங்கும் இப்படியொரு கட்டுப்பாடான மக்களைக் கண்டதில்லை என்று எழுதி அனுப்பினார்கள்.

சுடலைமுத்து நாள் தவறாமல் ஏழு முட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்ததெல்லாம் விரிசலைத்தான். முதல் மாதம் அது கிழக்கு மூலையைத் தொட்டது. மூன்றாம் மாதம் இரண்டாகப் பிரிந்தது. பட்டுத்துணிக்குள் ஒரு முட்டு வளைந்திருந்தது. அவர் நாட்களை மட்டும் எண்ணினார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினார். மூன்று முறை. உரத்த குரலில்.

ஆறு மாதம் முடிந்த அன்று காலையிலேயே எழுத்தர் வந்துவிட்டார். அரிசி வழங்கும் நாள் அது. கூடம் நிறைந்திருந்தது. முந்நூறு பேராவது இருப்பார்கள். வரிசையின் நடுவில், வளைந்த முட்டுக்குப் பக்கத்தில், சந்தனமாரி பையுடன் நின்றிருந்தார்.

சுடலைமுத்து எழுத்தரிடம் குனிந்து, "மொதல்ல சனங்கள வெளிய அனுப்புங்க ஐயா. பொறவு சொல்லுதேன்," என்றார்.

"கூடத்தைக் காலி செய்யத் தேர்ந்த கொத்தனாரின் பதிவான கருத்து வேண்டும்."

"அதத்தானே சொல்ல வந்திருக்கேன்."

"சொல்லும். மக்கள் முன்னிலையில், உரக்க. மூன்று முறை." எழுத்தர் ஏட்டை விரித்தார். மையைத் தொட்டார். தேதியை எழுதினார்.

சுடலைமுத்து எழுந்து நின்றார். வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. முந்நூறு முகங்களும் அவரைப் பார்த்துவிட்டு மெல்ல மேலே நிமிர்ந்தன. சந்தனமாரி மட்டும் மேலே பார்க்கவில்லை. கணவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். மிக மெதுவாக, காற்றுகூட அசையாதபடி.

அவர் மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். விரிசலிலிருந்து ஒரு கோடு தூசி, நூல் போல, அவருக்கும் எழுத்தருக்கும் நடுவே இறங்கியது.

"இந்தத் தளம் விழும்," என்றார். உதடு மட்டும் அசைந்தது.

எழுத்தர் மேலே பார்த்தார். ஏட்டில் விழுந்த தூசியை ஊதாமல் விரலால் ஒற்றி எடுத்தார். பிறகு முன்னால் சாய்ந்து, தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குத் தணித்து, சொன்னார்:

"கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்."